தசை சுருங்கும்போது செல்லுக்குள் உண்மையில் எது குறுகுகிறது?

தசை சுருங்கும்போது அதன் புரத இழைகளும் சுருங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருங்குவதில்லை, ஆக்டின் என்னும் மெல்லிய புரத இழைகள் மயோசின் என்னும் தடித்த புரத இழைகளுக்கிடையே சறுக்கி நுழைவதால், அவை அடுக்கப்பட்டிருக்கும் சார்கோமியர் என்னும் அலகுதான் குறுகுகிறது என்பதை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன.

நரம்பின் தூண்டல் தசைச் செல்லின் சவ்வில் பரவியதும், உள்ளே சேமிக்கப்பட்டிருந்த கால்சியம் அயனிகள் வெளிப்பட்டு ஆக்டின் இழைமேல் உள்ள ட்ரோபோனின் என்னும் புரதத்துடன் பிணைய, ஆக்டினின் பிணைப்பிடங்களை மறைத்திருந்த ட்ரோபோமயோசின் என்னும் புரதம் விலகுகிறது. உடனே மயோசின் இழைகளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் அங்கே பற்றிக்கொண்டு, மடங்கி, ஆக்டினைச் சில நானோமீட்டர் தூரம் இழுக்கின்றன. பலரும் கவனிக்கத் தவறுவது அடுத்த கட்டத்தைத்தான்: செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் தேவை. புதிய ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் தலை கழன்று, அதைச் சிதைத்த ஆற்றலில் அடுத்த இழுப்புக்கு நிமிர்கிறது; இறந்தபின் உடல் விறைப்பதும், ஏடிபி தீர்ந்து தலைகள் விடுபட முடியாமல் போவதால்தான். கால்சியம் மீண்டும் சேமிப்பறைக்குள் ஏற்றப்பட்டதும் தசை தளர்கிறது; அதற்கும் ஏடிபி செலவாகிறது.