நெட்டை நிறுத்த யாருக்கு அதிகாரம்? கேள்வி பதில்

சினிமாவுக்கும் இணையத்துக்கும் அரசு போடும் தடைகள் பற்றி நெல்லை வட்டாரத்துக்காரர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் பாளையங்கோட்டையில் வழக்கறிஞர்.

சுரண்டை, செல்போன் கடை: அண்ணாச்சி, 2018 மே மாதம் துப்பாக்கிச் சூடு நடந்தது தூத்துக்குடியில். சுரண்டையில் என் கடைக்கு ஏன் நெட் நின்றது?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், தம்பி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது மே 22. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களுக்கும் ஐந்து நாள் இணையத் தடை என்று உள்துறைச் செயலாளரின் உத்தரவு வந்தது. தென்காசி அப்போது தனி மாவட்டம் இல்லை; சுரண்டையும் சிவகிரியும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. அதனால் தூத்துக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சிவகிரிக்காரருக்கும் நெட் போயிற்று. சொன்ன காரணம், வதந்தி. ஆனால் நெட் இல்லாத ஊரில் வதந்தியைச் சரிபார்க்க வழி ஏது? கலெக்டர் மறுத்து அறிக்கை விட்டாலும் அது செல்போனுக்கு வந்து சேராதே! மற்ற இரண்டு மாவட்டங்களையும் ஏன் சேர்த்தீர்கள் என்று ஐகோர்ட் மதுரைக் கிளை கேட்டது. மக்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

செங்கோட்டை, ஆட்டோ ஓட்டுநர்: 2013-ல் கமலின் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு இங்கே தடை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஓடியது. ஒரே படம்தானே?

பதில்: ஒரே படம், ஒரே சென்சார் சான்றிதழ். இங்கே 31 மாவட்டக் கலெக்டர்களும் 144 தடை உத்தரவு போட்டார்கள். அத்தனை மாவட்டத்திலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி ஆபத்து எப்படி வரும்? ஒவ்வொரு கலெக்டரும் தன் மாவட்ட நிலவரத்தைப் பார்த்து முடிவெடுக்கத்தான் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. சான்றிதழ் வாங்கிய படத்தைப் போராட்ட மிரட்டலுக்காக நிறுத்தக் கூடாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியதுதான். தீர்ப்பு கையில் இருந்தும் நம் மாநிலம் அதை மதிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

களக்காடு: சென்சார் போர்டில் முத்தக் காட்சியைப் பாதியாக வெட்டினார்களாமே?

பதில்: உண்மை. 2015-ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படிக் குறைத்தார்கள். பாதி இருந்தால் சரி, முழுசு இருந்தால் தப்பு என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவி: ஒரு வீடியோவுக்காக ஒரு தளத்தையே முடக்குவது ஏன், சார்?

பதில்: இப்போது பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படுபவை, அம்மா. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது நெட் நிறுவனத்துக்குத் தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே ஒரு பக்கத்தைத் தடுக்கச் சொன்னால் தளத்தையே மூடிவிடுகிறார்கள். 2014 டிசம்பரில் 32 தளங்களை முடக்கியபோது, புரோகிராமர்கள் தினமும் வேலை செய்யும் கிட்ஹப்பும் சிக்கியது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கும் ஆர்க்கைவ் தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2017-ல் திருட்டுப் படங்களுக்கு எதிராகச் சினிமா கம்பெனிகள் சென்னை ஐகோர்ட்டில் வாங்கிய உத்தரவில் அது மறுபடியும் மாட்டியது. படிக்கிற பிள்ளைகளின் நூலகத்தை மூடியதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

வள்ளியூர், ஆன்லைன் டியூஷன் நடத்துபவர்: அடுத்த தடவை நெட்டை நிறுத்தினால் நாங்கள் என்ன செய்ய?

பதில்: முதலில் உத்தரவு நகலைத் தேடுங்கள், தங்கச்சி. உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது. எந்த ஊர், எத்தனை நாள், என்ன காரணம், யார் கையெழுத்து என்று பாருங்கள். வழக்கமாக மாநில உள்துறைச் செயலாளர்தான் போட வேண்டும். நகல் கிடைக்கவில்லை என்றால் அதையே காரணமாகக் காட்டி மதுரைக் கிளையில் மனுப் போடலாம். தடைபட்ட வகுப்புகளின் கணக்கைத் தேதியோடு எழுதி வைத்திருங்கள், மனுவில் சேர்க்க உதவும்.