நோனிச் சாறு: பயம் கல்லீரலுக்கு வேண்டாம்

கேள்வி: ஹெய்ட்டியின் காப் ஹெய்ட்டியனில் வேலை பார்க்கும் கணவருக்கு (56) இரத்தக்கொதிப்பு, லோசார்ட்டன் சாப்பிடுகிறார். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் 2.1. மூட்டுவலிக்கு அங்குள்ள இலை வைத்தியர் சொல்லி நோனி இலை கட்டுகிறார், தினம் இரண்டு டம்ளர் பழச்சாறும் குடிக்கிறார். வலி கூடினால் டைக்ளோஃபெனாக். நோனி கல்லீரலைத் தின்றுவிடும் என்கிறது யூடியூப். ஏப்பமும் நாறுகிறது.

பதில்: அந்தப் பீதி 2005 வாக்கில் ஆஸ்திரியாவில் கிளம்பியது. நோனி குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றது. ஏப்ப நாற்றம் பழத்தின் குணம். பழுத்தால் அப்படித்தான் வாடை வரும்.

நம்மூர் மஞ்சணத்திக்கு உறவான இந்தக் கடலோர மரத்தை, ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளில் 'பெயின் கில்லர்' என்றே அழைக்கிறார்கள். இலையை அனலில் வாட்டிக் கட்டட்டும். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் கூடாது, கொப்புளித்தாலும் தெரியாது.

சாறுதான் வில்லங்கம். லிட்டருக்கு சுமார் 56 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம்: 200 மில்லி டம்ளருக்கு ஒரு வாழைப்பழ அளவு. நல்ல சிறுநீரகம் அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். 2.1 கிரியாட்டினின் உள்ள சிறுநீரகம் திணறும். லோசார்ட்டன் பொட்டாசியத்தைத் தேக்கும், டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை இன்னும் நெரிக்கும். வாளியில் மாத்திரை அட்டைகளைக் கோபுரமாக அடுக்கித் தெருவில் விற்கிற ஊர் அது; இந்த மூன்றும் ஒரே வயிற்றில் சேர்வதை யார் தடுப்பது? பொட்டாசியம் குறைந்த உணவே சாப்பிடுவதாகச் சொன்ன சிறுநீரக நோயாளிக்கு அளவு ஏறியதும், காரணம் நோனிச் சாறு என்று தெரிந்ததும் 2000-இல் மருத்துவ இதழில் பதிவானது.

பொட்டாசியம் ஏறியதன் அறிகுறியாகக் கை கால் துவண்டு படி ஏற முடியாமல் போனாலோ, நாடி மெதுவானாலோ, துடிப்பு விட்டு விட்டு வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆனால் இந்த அறிகுறி எதுவும் காட்டாமலே இதயம் தடுமாறலாம். அதனால் இன்றே சாற்றையும் டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்திவிட்டு, ஓரிரு நாளில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கட்டும். இரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்க வேண்டாம், அளவு பொய்யாக ஏறும். பொட்டாசியம் 6-க்கு மேல் என்றால் உடனே மருத்துவமனையில் அனுமதி.

வலிக்குப் பாரசிட்டமால் 650, நாளைக்கு மூன்று வரை. லோசார்ட்டனைத் தானாக நிறுத்த வேண்டாம். முடிவு வந்ததும் மருத்துவர் சொல்லட்டும்.