அட்வான்ஸ் கரைவதற்குள் வீடு மாறிவிடுங்கள்

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் 7,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெயிண்டரான என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து கை உடைந்து, நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை. எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலையில் 12,000 வருகிறது. தண்டலுக்குத் தினமும் 200 கட்டுகிறேன். நான்கு மாத வாடகை பாக்கி. அட்வான்ஸ் 50,000 கொடுத்திருக்கிறோம். ஓனர் காலி செய்யச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் பத்து வட்டிக்கு 30,000 தருகிறேன் என்கிறார். வாங்கிப் பாக்கியை அடைக்கலாமா? நாலாவதும் ஒன்றாவதும் படிக்கும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: அந்தக் கடனை வாங்காதீர்கள் அம்மா. பத்து வட்டி என்றால் மாதம் 3,000. ஒரு வருடம் கட்டினால் 36,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அந்தப் பணம் உங்களால் தாங்க முடியாத ஒரு வீட்டில் இன்னும் நாலு மாதம் உங்களை உட்கார வைக்கும், அவ்வளவுதான்.

உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த அட்வான்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 28,000 போனால் 22,000. வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தால் 15,000. இன்னும் இரண்டு மாதம் வாடகை கட்டாமல் ஓட்டினால் கையில் வருவது 1,000. அதை வைத்துக்கொண்டு எந்த ஓனரிடம் சாவி கேட்பீர்கள்? பிள்ளைகளோடு தெருவுக்கு வந்ததாக என்னிடம் சொன்னவர்களில் பலரும் பழைய வீட்டு வாடகையால் வரவில்லை, அடுத்த வீட்டு அட்வான்ஸைப் புரட்ட முடியாமல்தான் வந்தார்கள்.

அதனால் இந்த மாதமே நீங்களாக மாறிவிடுங்கள். ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, 4,500 ரூபாய்க்குள் பாருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சட்டத்தைக் காட்டிப் பேரம் பேசினால் கதவைச் சாத்திவிடுவார்கள். "மூன்று மாதம் இப்போது, மீதி பிறகு" என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஓனர் காலி செய்ய வைப்பதற்காக கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது, அதற்கும் அதே சட்டத்தில் தடை உண்டு. அட்வான்ஸைத் திருப்பித் தர அவருக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. உங்களுக்கோ அந்தப் பணம் சாவி கொடுக்கும் அன்றே வேண்டும். அதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.

அப்புறம் தண்டல். வழக்கம்போல 17,000 கையில் கொடுத்து 100 நாளில் 20,000 வாங்கும் கணக்காக இருந்தால், வருட வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆள் வைத்து மிரட்டினால் போலீஸில் புகார் கொடுங்கள். அதற்கு முன், தவணை தவறுவதற்குள், 200-ஐ 100 ஆக்கச் சொல்லிப் பேசுங்கள். ஒத்துக்கொண்டால் மாதம் 3,000 மிஞ்சும். வாடகை 4,500, தண்டல் 3,000 போக 4,500 கையில் நிற்கும். ரேஷனில் அரிசி இலவசம். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் உங்களுக்கு வரவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். கணவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் விபத்து உதவி கிடைக்குமா என்று வாரியத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளை ஊருக்கு அனுப்ப வேண்டாம். அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, மதியம் சத்துணவு. இரண்டு பேருக்கும் பள்ளி நாட்களில் இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். ஒருவேளை தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தால், மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றுங்கள். டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களும் இருக்கின்றன, 1913-க்கு அழைத்துக் கேட்கலாம். ஆனால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருப்பவையே அதிகம். நால்வரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் அந்த 15,000 கையில் இருக்கும்போதே வீடு தேடப் புறப்படுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரும் கூட வரட்டும், உடைந்தது கைதானே.