முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் சீசன் முடிந்துவிடவில்லை

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான எஸ்இசி நடத்தும் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) போட்டியில் முதல் ஆட்டத்திலேயே அண்ணன் மகளின் அணி தோற்றுவிட்டது, அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்த விமான டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அந்தப் போட்டியில் ஒரு தோல்வி என்றால் வெளியேற வேண்டியதுதான். ஆனால் அது அந்தக் கூட்டமைப்பின் கோப்பைக்கு மட்டும். அடுத்து வரும் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டிக்கு 64 அணிகள் போகும். கூட்டமைப்புகளின் கோப்பையை வென்றவர்களுக்கு நேரடி இடம். மீதியைத் தேர்வுக்குழு நிரப்பும். குழு பார்ப்பது முழு சீசனையும், யார் யாரை வென்றார்கள் என்பதையும். எஸ்இசி பலமான கூட்டமைப்பு. 2025-இல் அதன் 15 அணிகளில் 14 தேர்வாகின. அந்த வருடம் தேசியப் பட்டம் வென்ற எஸ்இசி அணியான டெக்சாஸும் கூட்டமைப்பின் கோப்பையை வெல்லவில்லை. அந்த இறுதி ஆட்டமே மழையால் ரத்தாகி, ஒக்லஹோமாவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.

சரி, டிக்கெட் விஷயம். தேசியப் போட்டிக்கான அணிகளை ஞாயிறு மாலை அறிவிப்பார்கள், அடுத்த வெள்ளியன்று அதன் முதல் சுற்று தொடங்கும். முதல் 16 தரவரிசைக்குள் வந்தால் பெரும்பாலும் சொந்த மைதானத்திலேயே ஆட்டம். இல்லையென்றால் வேறு ஊர். அதனால் இப்போதைக்கு ஊரை மாற்றிக்கொள்ளும் வசதி டிக்கெட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சுற்றில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். எனவே திரும்பும் டிக்கெட்டை திங்களன்று வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு இரவு வரை ஆட்டம் நீளலாம்.

அப்புறம், இன்றைக்கே அண்ணன் மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.