பின்னால் ‘மணி’ வருகிறது, முன்னால் என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் ஊர் திருப்பூர். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவர் பெயர் வெறும் ‘மணி’, முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் கிடையாது. பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறோம். மகம் நட்சத்திரம் என்பதால் ம, மி, மு, மெ வரிசையில்தான் பெயர் வேண்டும் என்கிறார்கள். எனக்கு ‘மகிழினி’ பிடித்திருக்கிறது. நாத்தனார் ‘மியா’ என்கிறார். மாமியார் ‘மேகலா’வை விட்டு இறங்க மறுக்கிறார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் வருமே, இவ்வளவு சின்னப் பெயரோடு எது பொருந்தும்? உடனே முடிவு செய்தாக வேண்டுமா?

பதில்: மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், மேகலா. மாமியாருக்கு ஜால்ரா போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று பெயரையும் ‘மணி’யோடு சேர்த்து வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

‘மகிழினி’ தனியாக நிற்கும்போது அழகான பெயர்தான். ‘மகிழினி மணி’ என்று சேர்த்ததும் என்ன ஆகிறது பாருங்கள். ம, கி, ழி, னி, ம, ணி என்று ஆறும் குறில். நாக்கு நின்று இளைப்பாற ஒரு நெடில் இல்லை, மெய்யெழுத்தும் இல்லை. போதாக்குறைக்கு ‘னி’யும் ‘ணி’யும் வால் பக்கம் இடித்துக்கொள்கின்றன. பாட்டில் இயைபு வந்தால் ரசிக்கலாம், பள்ளி வருகைப் பதிவேட்டில் அது கிலுகிலுப்பைச் சத்தமாகிவிடும். இப்போது பெண் குழந்தைகளுக்கு வைக்கிற பெயர்களில் யாழினி, தமிழினி, வர்ஷினி என்று ‘னி’யில் முடிகிறவை ஏராளம். அப்பா பெயர் மணி, மாணிக்கம், முருகன் எதுவானாலும் நீங்கள் இன்ஷியலோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் இதில் தொந்தரவே இல்லை. முழுப் பெயராகப் பின்னால் வரும்போதுதான் மணி மாதிரிப் பெயர்கள் முரண்டு பிடிக்கின்றன.

‘மியா மணி’யின் சிக்கல் வேறு. யாப்புக் கணக்கில் ‘மணி’ ஒரே ஒரு நிரையசை, அதாவது குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்த அசை. ‘மியா’வும் அப்படியே. இரண்டும் ஒரே எடை, ஒரே நீளம். எது பெயர், எது அப்பா பெயர் என்று கேட்கிறவருக்குப் பிடிபடாது. பூனையைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்லப்போவதும் உறுதி. பின்னால் வருவது குட்டையாக இருந்தால் முன்னால் வருவது கொஞ்சம் நீண்டு, ஒரு நெடிலாவது வைத்துக்கொண்டு, வேறு ஓசையில் முடிய வேண்டும். ‘மேகலா’வில் மே, லா என்று இரண்டு நெடில். ‘லா’வில் நின்று, அப்புறம் ‘மணி’ என்று இறங்கலாம்.

ஒரே எழுத்தில் தொடங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நம் காதுக்கு மோனை குறை அல்ல. நுணுக்கமாகப் பார்த்தால் ‘மணி’க்கு நெருங்கிய மோனை ம, மா, மை, மௌ. மி, மே, மு எல்லாம் உயிர் மாறி, சற்றுத் தள்ளி நிற்கின்றன. அதனால் ‘மதுமிதா மணி’யை விட ‘மேகலா மணி’, ‘மிருதுளா மணி’ இரண்டும் குறைவாகவே எதிரொலிக்கும். மூன்றுமே தப்பில்லை.

இனி, நிறைய பேர் கவனிக்காத ஒன்று. நம் பெயர்கள் இரண்டு வரிசையில் புழங்குகின்றன. ஊரில் அப்பா முன்னால்: ம. மேகலா, எம்.மேகலா. பாஸ்போர்ட், விசா என்று வந்தால் அப்பா பின்னால். ஆனால் அங்கேயும் முழுக்கப் பின்னால் இல்லை. பாஸ்போர்ட்டின் அடியில் கருவி படிப்பதற்காக 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். அதில் சர்நேம், அதாவது நம் வழக்கில் அப்பா பெயர்தான் முதலில் வரும். விமான டிக்கெட்டிலும் அப்படித்தான், ‘மணி’ போட்டு ஒரு சாய்கோடு, அடுத்து ‘மேகலாமிஸ்’ என்று இடைவெளி இல்லாமல் அடித்திருப்பார்கள். ஆக, பெயரை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுப் பார்ப்பது முக்கியம். ‘மணி’க்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அது முன்னால் போனால் பல சொற்களோடு தானாக ஒட்டிக்கொண்டு புதுப் பெயராகிவிடும்: மணிமேகலா, மணிமுல்லை, மணிமலர். கடல் தெய்வமான மணிமேகலாவின் பெயர் உங்கள் மகளின் டிக்கெட்டில் வந்து உட்காருகிறது, இதைவிட என்ன வேண்டும்!

ஒட்டிக்கொள்வது எப்போதும் நல்லதுக்கு இல்லை. ‘தாரா மணி’ என்று வைத்தால் சென்னைக்காரர்கள் ‘தரமணியா, வேளச்சேரிக்குப் பக்கத்திலா?’ என்பார்கள். ‘கண்மணி மணி’ சொல்லவே வேண்டாம். ஆங்கிலப் பள்ளியில் ‘மணி’யை ‘மனி’ என்று படிப்பார்கள், எனவே ‘ரிச்சா’ மட்டும் கூடாது. மற்ற சின்னப் பெயர்களுக்கும் இதே சோதனைதான். ரவிக்கு முன்னால் பைரவியும் ராமுக்கு முன்னால் அபிராமியும் சரிப்படாது. அருள் போல உயிரெழுத்தில் தொடங்கினால் சேர்த்துச் சொல்லும்போது நடுவில் யகரமோ வகரமோ தானாக வந்துவிடும். ‘தேவி அருள்’ வேகமாகச் சொன்னால் ‘தேவியருள்’. கேட்கவே நன்றாக இருக்கிறது.

இன்ஷியலையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அப்பா ரவி, மகள் ஆர்த்தி என்றால் ‘ஆர்.ஆர்த்தி’ திக்கும். தமிழ் இன்ஷியல் இன்னும் விளையாட்டுக் காட்டும். மாணிக்கத்தின் மகள் மாலதி, ‘மா. மாலதி’. வகுப்பில் அது ‘மாமா லதி’ ஆக ஒரு வாரம் போதும். ‘எம்.மேகலா’வில் இரண்டு மகரம் முட்டுகிறது, உண்மைதான். மகத்துக்கு ம வரிசை என்று முடிவெடுத்த பிறகு அதைத் தவிர்க்க வழியில்லை. மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார் என்பார்கள், ஒரு மகரம் கூடினால் என்ன?

மகிழினியை விட மனசு வரவில்லை என்றால் வால் பகுதியை மட்டும் மாற்றுங்கள். ‘மகிழ்நிலா மணி’ நன்றாக நிற்கிறது, வீட்டில் ‘மகிழ்’ என்றே கூப்பிட்டுக்கொள்ளலாம். ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட் ஹெச்’ போட்டு எழுதினால் துபாயில் ‘மகிஸ்’ என்று வாசிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு ஆவணத்தில் ‘இசட் ஹெச்’, இன்னொன்றில் ‘எல்’ என்று போனால் வம்பு. எண் கணிதக்காரர் சொன்னார் என்று கூடுதலாக ஒரு ‘ஏ’யைச் சொருகுவதும் இதே வகை வம்புதான். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருவோம். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாம், இந்திய விதி தடுக்காது. ஆனால் துபாய் போகப்போகிற குழந்தைக்கு விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்துப் பல பேரை அலைக்கழித்தது. அமெரிக்க விசாவிலும் சர்நேம் காலி என்றால் மொத்தப் பெயரையும் சர்நேம் இடத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயர் தெரியாது என்பதற்கு ‘எஃப்என்யூ’ என்று போட்டுவிடுவார்கள். கிவன் நேமில் மேகலா, சர்நேமில் மணி என்று பிரித்துக் கொடுங்கள். இன்ஷியலாக இல்லாமல் விரித்து எழுத வேண்டும். உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் சர்நேமாக அவருடைய அப்பா பெயர் இருந்தால், தகப்பனுக்கும் மகளுக்கும் சர்நேம் வேறாகத் தெரியும். தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். யாராவது கேட்டால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: நாளைக்குக் கல்யாணமானதும் சர்நேமை மாற்றுவாளா, மணியையே வைத்துக்கொள்வாளா என்பது அவள் பாடு. பின்னால் எது வந்தாலும் தனியாகக் கம்பீரமாக நிற்கிற பெயரா என்பதுதான் என் முதல் கேள்வி, பொருத்தம் அதற்கு அடுத்தது.

அவசரமா என்றால், இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்த குழந்தைக்கு 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை இடம் உண்டு. ஆனால் அவ்வளவு தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதில் ஏறிய பெயரை எழுத்துப் பிழை தாண்டி மாற்றுவது எளிதல்ல, அரசிதழ் வரை போக வேண்டி வரலாம்.

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது பெயரை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சான்றிதழை அச்சடிப்பதற்கு முன் கணினித் திரையை ஒருமுறை காட்டச் சொல்லி, ‘ல’வா ‘ள’வா என்று நீங்களே சரிபாருங்கள்.