கயத்தாறு வரை எனக்கு: அக்கா தம்பி நாவல் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அக்கா ஹரிணி ஆறாம் வகுப்பு, தம்பி தருண் மூன்றாம் வகுப்பு. விபத்தில் அப்பாவும் அம்மாவும் இறந்துவிட, இருவரும் மலையடிவாரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பழைய வரைபடம் கிடைக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "இவங்க சண்டை போடுற மாதிரி நடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். எங்கே தவறு என்று பிடிபடவில்லை. ஓர் அத்தியாயம் அக்காவின் பார்வையில், அடுத்தது தம்பியின் பார்வையில் என்று எழுதுவது சரியா? எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நான் ராஜபாளையத்தில் வளர்ந்தவன். என் அம்மா மில்லில் இரண்டாம் ஷிஃப்டு போவார். என்னைப் பார்த்துக்கொண்டது என்னைவிட மூன்று வயது மூத்த அக்காதான். நாவலை அவருக்குப் படிக்கக் கொடுக்கலாமா என்றும் யோசனையாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. அவளை விட்டுவிடாதீர்கள், எழுத எழுத அவளிடம் கொடுங்கள்.

முதல் அத்தியாயத்தில் தருண் ஹரிணியின் கலர் பென்சிலை உடைக்கிறான். அவள் "நான் உன்னை வெறுக்கிறேன்" என்கிறாள். இரண்டு பக்கம் தள்ளி அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அதோடு அந்தப் பென்சில் கதையை விட்டே போய்விடுகிறது. முதலில், நம் வீட்டுப் பிள்ளை எதுவும் "வெறுக்கிறேன்" என்று சொல்லாது. "போ, உன்கூடப் பேச மாட்டேன்" என்று காய் விடும். சாயங்காலம் தீனி வந்ததும் பழம் விடும். அப்புறம், பழம் விட்டாலும் பென்சில் மறக்காது. நான்கு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையில், "அன்னைக்கு என் பென்சில உடைச்சல்ல" என்று வந்து நிற்கும். அந்த நான்கு மாதம்தான் உங்கள் கதையில் இல்லை.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் சீட் கயத்தாறு வரை எனக்கு, அதற்கப்புறம் தம்பிக்கு. அப்பா போட்ட சட்டம். ஏறக்குறைய பாதி வழி என்பதால் நியாயமான சட்டம்தான். ஒருமுறை கயத்தாறு வந்தபோது தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நான் எழுப்பவில்லை. தாழையூத்து சிமெண்ட் ஆலை தெரிகிற இடத்தில்தான் கண்விழித்தான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோதும் அதைச் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் சொன்னான். கூடப்பிறந்தவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்தக் கணக்கைத்தான் எழுத வேண்டும் என்று நம்புகிறேன். பாசம் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

நம் மொழியே இந்தக் கணக்கோடுதான் பேசுகிறது. யார் மூத்தவர் என்று சொல்லாமல் கூடப்பிறந்த ஒருவரைக் கூப்பிட வீட்டில் புழங்கும் உறவுச்சொல் தமிழில் கிடையாது. அண்ணன் என்றால் மூத்தவன், தங்கை என்றால் இளையவள். 'உடன்பிறந்தார்' எல்லாம் பத்திரத்தில் வரும் சொல். மூத்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, இளையதைக் கூப்பிடலாம். கூடவே ஒரு வாக்கியமும் வருகிறது: "நீ பெரியவதானே, விட்டுக்கொடுத்தா என்ன?" இதைக் கேட்காத மூத்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. உங்கள் மூன்று அத்தியாயங்களில் ஹரிணி ஒருமுறைகூட இதைக் கேட்கவில்லை. தருணோ எட்டு இடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஏழு இடத்தில் 'அக்கா' என்று மாற்றிவிடுங்கள். ஒரே ஓர் இடத்தில், அவனுக்குத் தாங்க முடியாத கோபம் வரும் இடத்தில், 'ஹரிணி' என்று கத்தட்டும். அந்தப் பக்கத்தில் படிக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இப்போது பெற்றோர். இரண்டாம் பக்கத்திலேயே கொன்றுவிட்டீர்கள். ஏன் என்று புரிகிறது. பெரியவர்கள் கூடவே இருந்தால் குழந்தைகள் எதையும் தாங்களாகச் செய்ய முடியாது. ஆனால் அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளின் துக்கம் ஒரு நாவலையே விழுங்கக்கூடியது. அதைத் தொட்டுவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் வரைபடத்துக்கு ஓடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். பெரியவர்கள் வீட்டில் இல்லாமல் இருந்தாலே உங்களுக்குப் போதும். அதற்கான வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டாம் ஷிஃப்டு என்றால் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அம்மா மில்லில் இருப்பார். பத்து மணிக்கு ஷிஃப்டு விடும் வரை அந்த வீடு ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் கையில். "கதவத் தாழ் போட்டுக்கோ, அடுப்பத் தொடாத, தம்பியப் பாத்துக்கோ." இந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஒருநாள் மீறப்படும். புதையல் இல்லாமலே உங்களுக்கு மூன்று பெரிய சம்பவங்கள் கிடைத்துவிட்டன.

இன்னொன்றையும் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டிருக்கிறீர்கள். ஹரிணி ஆறாம் வகுப்பு. ஊர்த் தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது, ஆகவே இந்த ஜூனில்தான் அவள் வேறு பள்ளிக்கு மாறியிருப்பாள். மூன்றாம் வகுப்புப் பையன் முதல்முறையாக அக்கா இல்லாமல் அந்தக் கேட்டுக்குள் நுழைகிறான். உங்கள் கதை இன்று நடக்கிறது என்றால் இதையும் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சாப்பாடு ஆறாம் வகுப்பிலும் உண்டு, காலைச் சாப்பாடு இல்லை. போன வருஷம் வரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டார்கள். இப்போது அவனுக்கு உண்டு, அவளுக்கு இல்லை. காலையில் அம்மா சமைத்துவிடுவார், சரி. சமைக்க முடியாத ஒரு நாள் வரும்போது ஹரிணி என்ன செய்வாள்? தருணுக்குத் தெரியுமா? தெரிந்தால் அவன் என்ன செய்வான்? இதை எழுத எனக்கே ஆசையாக இருக்கிறது.

சண்டைக்கு அடுத்தபடியாக உங்கள் அத்தியாயங்களில் இல்லாதது ரகசியம். காய் விட்டிருக்கும் நாளில்கூட வெளியாள் வந்து கேட்டால் காட்டிக்கொடுக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். 1929இல் நூலாக வந்த 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காள நாவலில் அக்கா துர்கா ஒரு பொருளைத் திருடிவிட்டதாகப் பழி வருகிறது. அவள் இறந்த பிறகு அந்தப் பொருள் தம்பி அப்புவின் கையில் கிடைக்கிறது. யாரும் பார்க்காமல் அவன் அதை வீசி எறிந்துவிடுகிறான். நாவலைச் சுருக்கிக் குழந்தைகளுக்கென்று போட்ட பதிப்புக்குப் படம் வரைந்தவர் சத்யஜித் ராய். பிறகு 1955இல் அதையே திரைப்படமாக எடுத்தார். அக்கா தம்பி கதை எழுதுகிறவர்கள் அந்த ஒரு காட்சிக்காகவாவது அதைப் படிக்க வேண்டும். அப்பு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

பார்வை மாற்றி மாற்றி வேண்டாம். ஹரிணியின் பார்வை ஒன்றே போதும். பத்து வயதுப் பிள்ளைகள் தங்களைவிட ஒரு வயது பெரிய பிள்ளையின் கதையை ஆசையாகப் படிப்பார்கள், மூன்றாம் வகுப்புப் பையனின் கதை என்றால் சின்னப் பசங்க புத்தகம் என்று வைத்துவிடுவார்கள். உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். நீங்கள் தம்பி. விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டவர் நீங்கள், எழுத வேண்டியதோ கொடுத்தவளின் கணக்கை. தருணின் பகுதி இயல்பாகவும் ஹரிணியின் பகுதி பாடப்புத்தகம் போலவும் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்காதீர்கள்.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த வயது நாவல்கள் பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பதாயிரம் சொற்கள் வரை இருக்கும். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதைக்குச் சொற்கள் குறைவாகவே ஆகும். இருபது, இருபத்தைந்தாயிரம் தாராளம்.

அக்காவுக்குக் கட்டாயம் கொடுங்கள், ஆனால் முழுதாக எழுதி முடித்த பிறகு. பாதியில் கொடுத்தால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். அம்மா இரண்டாம் ஷிஃப்டு போன நாட்களில் ராத்திரி இருந்த சோற்றை அவர் எப்படிப் பங்கு வைத்தார் என்று. உங்கள் தட்டில் என்ன இருந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் தட்டில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.