சிசேரியன் தழும்பு தடித்துப் புடைத்திருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாமா? வயிற்றுக் கோடுகள் போகுமா?

வெட்டுவதை மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகியும் தையல் போட்ட இடம் கயிறு போலத் தடித்து அரிக்கிறது என்றும், ஊரிலுள்ள மருத்துவர் ஒருவர் "சின்ன ஆபரேஷன்தான், எடுத்துவிடலாம்" என்று சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே சொற்களை நானும் ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிப்பவள். திருமணத்திற்கு முன்பு காதில் இரண்டாவது துளை குத்திய இடத்தில், புண் ஆறிய பிறகு மடலின் பின்புறம் ஒரு கட்டி தோன்றியது. அது மெதுவாக வளர்ந்தது; இரவில் அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அரிப்பும் குத்தலும் தூங்க விடாது. நான் முதலில் பார்த்த மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்து, தையல் பிரிக்கும் நாளைச் சொல்லி அனுப்பினார். இது கீலாய்டு என்னும் தழும்பு வகை என்றோ, வெட்டினால் திரும்பி வரக்கூடியது என்றோ, அதன்பின் தொடர்சிகிச்சை தேவை என்றோ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சில மாதங்களில் அதே இடத்தில், முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பின்னர் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். புடைத்த தழும்புகளில் இரண்டு வகை உண்டு. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஹைப்பர்ட்ரோஃபிக் தழும்பு. சிசேரியன் தையலில் பெரும்பாலும் வருவது இதுதான், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே ஓரளவு தணிவதும் உண்டு. காயம் பட்ட எல்லையைத் தாண்டிப் பக்கத்திலுள்ள நல்ல தோலிலும் பரவுவது கீலாய்டு. அது பொதுவாகத் தானாக அடங்குவதில்லை. காயத்தை ஆற்றுவதற்காக உடல் உண்டாக்கும் கொலாஜன் என்னும் புரதம், ஆறிய பிறகும் நிற்காமல் பெருகுவதுதான் காரணம். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் இது அதிகம், குடும்பவழியாகவும் வருகிறது. வெட்டினால் அதுவும் ஒரு புதுக் காயமே ஆகையால், கீலாய்டை வேறு சிகிச்சை எதுவும் சேர்க்காமல் வெட்டியவர்களில் 45 முதல் 100 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்ததாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆகவே உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பலன் தந்தது டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி. பால் போன்ற அந்த மருந்தைக் குலுக்கிச் சிறு ஊசியில் ஏற்றிக் கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். கட்டி கெட்டியாக இருந்ததால் முதல் முறை மருந்து உள்ளே இறங்கவே இல்லை. மருத்துவர் கட்டைவிரலால் அழுத்த அழுத்த, கட்டி வெளுத்துப் போனது மட்டும் தெரிந்தது. வலி கடுமையாகத்தான் இருந்தது, மறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த முறையிலிருந்து திரவ நைட்ரஜனால் கட்டியை உறைய வைத்து, இளகிய பின் ஊசி போட்டதால் மருந்து எளிதாக இறங்கியது. சுமார் 4 வாரத்திற்கு ஒரு முறை என்று பல மாதங்கள் சென்றேன். அரிப்பு முதலில் நின்றது, தட்டையானது பிறகுதான். இந்த ஊசியால் சுற்றியுள்ள தோல் மெலிந்து நிறம் வெளிறலாம். எனக்கும் சிறிது வெளிறியது. ஊசிக்கு அடங்காதவற்றுக்கு 5-ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தைச் சேர்ப்பதும், வெட்டிய உடனே ஊசி அல்லது கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. "வெட்டியே சரியானவர்கள் இருக்கிறார்கள்" என்று யாரேனும் மறுப்பார்களானால், அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்குப் பின்னான சிகிச்சையையும் சேர்த்துத் திட்டமிடாத அறுவை கூடாது என்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்குச் செலவும் வலியும் குறைந்த முதல் வழி சிலிக்கான் ஷீட். நன்கு ஆறிய, புண் இல்லாத தோலின்மேல் ஒட்டி, நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். நம் ஊர் வெயிலில் வியர்த்து அடியில் சிவந்தால் எடுத்துவிட்டு, தோல் ஆறிய பின் தொடருங்கள்.

வயிற்றுக் கோடுகள் வேறு கதை. அவை புடைத்த தழும்பல்ல; தோலின் உள்ளடுக்கு இழுபட்டுக் கிழிந்த தடங்கள். சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் காலத்தில் வைட்டமின் ஏ வகை மருந்தான டிரெட்டினாயின் கிரீமும் லேசரும் ஓரளவு உதவும். கருவுற்றிருக்கும்போது டிரெட்டினாயின் கூடாது, பாலூட்டும் காலத்திலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வெள்ளையாக மாறிவிட்ட கோடுகளை லேசரும் நுண்ணூசிச் சிகிச்சையும் மங்க வைக்கலாம், முழுவதும் அழிக்காது. கறுத்த தோலில் லேசர் பட்ட இடம் மேலும் கறுக்கும் அபாயமும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைப் பூசாதீர்கள். நீண்ட நாள் பூசினால் அவையே புதிய கோடுகளை உண்டாக்கும்.

எங்கள் பகுதியில் பிரசவத்திற்குப் பின் தன்வந்தரம் குழம்பு என்னும் ஆயுர்வேத எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டி வயிற்றைக் கட்டுவது வழக்கம். உடம்புக்கு அது இதமாகவே இருக்கிறது. ஆனால் கோடு விழுந்த பெண்ணைப் பார்த்து, "ஒழுங்காகத் தேய்த்திருந்தால் வந்திருக்காது" என்று சொல்லும் உறவினர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. கோடு விழுவதைத் தீர்மானிப்பவை பரம்பரையும் ஹார்மோன்களும் தோல் விரிந்த வேகமும். ஆலிவ் எண்ணெயோ கோகோ வெண்ணெயோ பூசி அதைத் தடுக்க முடியும் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. அப்படியிருக்க, பிள்ளை பெற்று எழுந்தவள்மேல் எதற்குப் பழி போடுகிறார்கள்?

அடுத்த குழந்தைக்கும் அறுவை தேவைப்பட்டால், தழும்பு தடிக்கும் உடல்வாகு உங்களுக்கு உண்டு என்பதை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தையல் காயம் முழுதும் மூடியதும், தடிக்கும்வரை காத்திராமல் சிலிக்கான் ஷீட்டைத் தொடங்கலாமா என்று அவரிடமே கேட்டு வையுங்கள்.